கல்யாணசுந்தரம் சார் குடிக்காத கஞ்சி

போன வாரம் ஆஸ்திரேலியாவிலிருந்து பிரபு பேசினான். என்னிடம் வேலை பழகியவன். இப்போது அங்கே ஒரு சுரங்கத்தில் தாதுப் பிரிப்பு ஆலைக்குப் பொறுப்பாளன். "ஷாஜகான் சார், இப்பல்லாம் தொட்டிக்கு மேல கேமரா வெச்சிருக்கோம். தண்ணி எவ்வளவு கலங்கியிருக்குன்னு அதுவே பாத்து, தெளியவைக்க எவ்வளவு மருந்து வேணுமோ அதுவே போட்டுடுது. உங்க காலத்துல என்ன சார் பண்ணீங்க?" என்று கேட்டான்.

"நோன்புக் கஞ்சி ஊத்தினோம்" என்றேன்.

"சார், உடம்பு நல்லா இருக்கில்ல?" என்றான்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. நடந்ததைத்தான் சொன்னேன். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் கூத்தாநல்லூர்க்காரன். எங்கள் பக்கம் நாயை விரட்ட ஒரு கல் தேடினால் கிடைக்காது. எங்கே தோண்டினாலும் வண்டல்தான். சாலை போடுவதற்காகக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலைத்தான் சின்ன வயதில் நான் மலை என்று நினைத்திருந்தேன். அப்படிப்பட்ட ஊரிலிருந்து கல்லை அரைத்து உலோகம் எடுக்கும் படிப்புக்காகத் திருச்சிக்குப் போனேன். படிப்பு முடிந்து கர்நாடகத்தில் ஒரு தங்கச் சுரங்கத்தில் ஒன்பது வருடம், வளைகுடாவில் ஒரு செப்புச் சுரங்கத்தில் ஐந்து வருடம். இத்தனைக்கும் பிறகும் என் தொழில் என்னவென்று சொந்தக்காரர்களுக்குப் புரியவில்லை. யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் நகைப்பெட்டியைத் திறந்து, "நீதான் தங்கத்துக்குப் படிச்சவனாச்சே, சரியா இருக்கான்னு பாரு" என்று கையில் கொடுப்பார்கள். நானும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "நல்லா இருக்கு" என்பேன். ஒரு டன் கல்லைக் கொடுத்தால் என்னால் ஏதாவது சொல்ல முடியும். ஒரு ஜோடி ஜிமிக்கியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

தொண்ணூறுகளின் நடுவில், ஊரில் வீட்டுக்கு ஒருவர் விமானம் ஏறிக்கொண்டிருந்த சமயத்தில் நான் மட்டும் எதிர்த்திசையில் வந்து இறங்கினேன். யார் வேண்டுமானாலும் தொழில் தொடங்கலாம் என்று அரசாங்கம் கதவைத் திறந்துவிட்டிருந்தது. வெளிநாட்டுக் கூட்டோடு வந்த ஒரு தனியார் நிறுவனம், வேதாரண்யத்துக்குத் தெற்கே கடலோரத்தில் ஒரு சோதனை ஆலை போட்டது. அங்கே மணலில் கார்னெட் என்ற சிவப்புக் கனிமம் கலந்திருக்கிறது. மரத்தைத் தேய்க்கும் உப்புத்தாள் செய்ய அதுதான் வேண்டும். மணலைத் தண்ணீரில் அலசிக் களிமண்ணை நீக்கிக் கார்னெட்டைப் பிரிப்பது எங்கள் வேலை. நாற்பத்திரண்டு பேர் வேலை செய்தார்கள். பாதிப் பேர் உப்பளத்து ஆட்கள், மீதிப் பேர் நான் சொல்லி எங்கள் ஊரிலிருந்து வந்தவர்கள்.

வந்தவர்களில் ஒருவன் என் மனைவி ஜொஹராவின் தம்பி சலீம். பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சும் குழுவில் இருந்தவன், நல்ல சமையல்காரன். துபாயில் ஒரு ஓட்டலில் வேலைக்கு விசா வந்திருந்தது. நான்தான், "நம்ம பக்கமே வேலை வந்திருக்கும்போது எதுக்குடா பாலைவனம்?" என்று தடுத்து, முகாம் சமையலுக்குக் கூட்டிவந்தேன். விசா வேறொருவருக்குப் போயிற்று.

"ஆலை ஓடலேன்னா என் தம்பிக்கு யாரு விசா குடுப்பா? நீங்களா?" என்று கேட்டாள் ஜொஹரா.

"ஓடும்" என்றேன். எந்த ஆதாரமும் இல்லாமல்தான் சொன்னேன்.

ஆலையின் தலைமை அதிகாரி தாராசுரத்துக்காரரான கல்யாணசுந்தரம் சார். பூண்டுகூடச் சேர்க்காத சைவம். மெலிந்த உருவம், மடிப்புக் கலையாத சட்டை, பையில் பச்சை மை பேனா. எல்லோரையும் "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார், பழுதான பம்பைக்கூட, "ஏன் இன்னைக்கு இப்படிப் பண்றாங்க?" என்று விசாரிப்பார். கோபம் வந்தாலும் மரியாதை குறையாது. ஆனால் ஒரே ஒரு கேள்வியால் ஆளைக் கூனிக் குறுக வைத்துவிடுவார்: "எழுதினீங்களா?"

பம்பு நின்றது என்று ஓடிப்போய்ச் சொன்னால், "எத்தனை மணிக்கு? எழுதினீங்களா?" என்பார். எழுதவில்லை என்றால், "அப்ப அது நடக்கலை" என்று வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். பம்பு நின்றுதான் இருக்கும், ஆனாலும் அது நடக்கவில்லை. எழுதிக்கொண்டு திரும்பி வந்து சொன்னால்தான் நடந்ததாகக் கணக்கு.

இரண்டாவது சட்டம், ஒரு முடிவு மூன்று முறை வந்தால்தான் முடிவு. ஒரு முறை வந்தால் அது தற்செயல், இரண்டு முறை வந்தால் ஆசை.

மண் படியும் சோதனையை அவர் செய்யும் அழகைச் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் கண்ணாடிக் குழாயில் கலங்கல் தண்ணீரை ஊற்றி, தெளியவைக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார். பிறகு குழாயின் வாயைப் பொத்தி, தூங்கும் குழந்தையைத் தோள் மாற்றுவதுபோல மெல்லத் தலைகீழாக்குவார். ஆறு முறை, ஏழாவது முறை கிடையாது. மேஜையில் வைத்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைப்பார். தரையில் துண்டை நாலாய் மடித்துப் போட்டு, அதன்மேல் மண்டியிட்டு, மண் இறங்கும் கோட்டுக்கு நேராகக் கண்ணை வைப்பார். நிமிடத்துக்கு ஒரு தடவை பச்சை மையில் எழுதுவார். அந்த நேரத்தில் யாராவது தும்மினால், அதையும் எழுதுவார்.

எங்கள் ஆலையின் தலையெழுத்தே அந்தச் சோதனையில்தான் இருந்தது. மணல் அலசிய தண்ணீர் மூன்று தொட்டிகளில் அடுத்தடுத்து நின்று, களிமண் அடியில் படிந்து, தெளிந்த தண்ணீர் வாய்க்காலில் போக வேண்டும். நல்ல தண்ணீர் என்றால் வெளிநாட்டுப் பொடியில் ஒரு சிட்டிகை போதும். எங்களுக்குக் கிடைத்ததோ உப்புத் தண்ணீர். அதில் அந்தப் பொடி சுருண்டுகொண்டு வேலைநிறுத்தம் செய்தது. படிகாரம் போட்டுப் பார்த்தோம், ஊரில் தண்ணீர் தெளியப் போடும் தேத்தாங்கொட்டையை இழைத்து ஊற்றிப் பார்த்தோம். மண் அசையாமல் டீ நிறத்தில் மிதந்துகொண்டே இருந்தது. அந்தத் தண்ணீர் வாய்க்கால் வழியாகப் பக்கத்து உப்பளங்களுக்குள் கசிந்தது.

ஒரு நாள் உப்பளக்காரர்கள் சார்பில் முருகையன் வந்தார். சத்தம் போடாத மனிதர். அதனாலேயே பயமாக இருந்தது. ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து சாரின் மேஜைமேல் வைத்தார். பழுப்பேறிய உப்பு.

"இத உங்க வீட்டு ரசத்துல போட்டுப் பாருங்க சார்" என்றார். "வருசத்துல ஆறு மாசந்தான் எங்களுக்குப் பொழப்பு. இத யாரு வாங்குவா? இப்ப நோன்பு வருது. நோன்பு நேரத்துல உங்க ஆளுங்க வயித்துல அடிக்க எங்களுக்கு மனசில்ல. பெருநாள் வரைக்கும் பாப்போம். மறுநாள் வாய்க்கால அடைச்சிருவோம்."

அவர் கேட்டதில் தப்பே இல்லை. வாய்க்கால் அடைபட்டால் ஆலை நின்றுவிடும். சார் பொட்டலத்தை மடித்து, தேதி எழுதி அலமாரியில் வைத்தார். நான் ஜொஹராவை நினைத்துக்கொண்டேன்.

நோன்பு தொடங்கியது. மாலை ஐந்து மணிக்கே ஆலையை நிறுத்திவிடுவோம். சலீம் பெரிய தேக்சாவில் கஞ்சி காய்ச்சுவான்: அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, தேங்காய்ப்பால், கொத்துக்கறி. நோன்பு வைப்பவர்களுக்கு முன்னாலேயே உப்பளத்து ஆட்கள் டம்ளரோடு வரிசையில் நிற்பார்கள். எங்கள் ஊரில் அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கஞ்சி போகும். கறி சேர்க்காதவர்கள் வீட்டுக்குத் தனியாக எடுத்துவைத்துக் கொடுப்போம். அந்தப் பழக்கத்தில் சலீம் சாருக்கென்று தனிச் சட்டியில் காய்ச்சி, தினமும் ஐந்தரை மணிக்கு ஒரு தூக்கு நிறைய அனுப்பினான். நாலு பேர் குடிக்கும் அளவு. தூக்கு ஒவ்வொரு நாளும் கழுவிச் சுத்தமாகத் திரும்பி வந்தது.

"மச்சான், சாரு ஒரு சொட்டு மிச்சம் வெக்கிறதில்ல" என்று சலீம் பூரித்துப் போனான்.

பத்தாவது நோன்பு வாக்கில் அந்த அதிசயம் நடந்தது. காலையில் போய்ப் பார்த்தால் மூன்றாவது தொட்டி அடிவரை தெளிந்து, தரையில் கிடந்த ஒரு பழைய போல்ட் தெரிந்தது. மற்ற இரண்டு தொட்டிகளும் அதே டீ. ஆலை ஓடத் தொடங்கியதும் மூன்றாவதும் கலங்கிவிட்டது. மறுநாள் காலை மறுபடி தெளிவு. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. மூன்று முறை ஆகிவிட்டது. துள்ளிக் குதித்துக்கொண்டு சாரிடம் ஓடினேன்.

"எழுதினீங்களா?" என்று கேட்டார். ஆனால் வழக்கமான மிடுக்கு இல்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

காரணம் தேடி ஒரு வாரம் அலைந்தேன். காற்றைச் சந்தேகப்பட்டேன், பனியைச் சந்தேகப்பட்டேன், தொட்டிக்கு சிமெண்ட் பூசிய கொத்தனாரைத் தேடிப்போய் விசாரித்தேன். கடைசியில், சோதனைக்கூடத்துப் பின்பக்க வடிகால் மூன்றாவது தொட்டியில் சேரும் இடத்தில், வலையில் ஒட்டிக்கொண்டு ஊறிப்போன ஒரு வெந்தயம் கிடைத்தது. கஞ்சிப் பாத்திரம் யாரோ கழுவியிருக்கிறார்கள். கஞ்சிதான் மருந்து!

சாரிடம் சொன்னபோது அவர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண்டுபிடிப்பின் மகிழ்ச்சியில் மனிதர் வாயடைத்துப் போனார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலை, அரை தேக்சா கஞ்சியை நாலு பேர் தூக்கிவந்து மூன்றாவது தொட்டியில் ஊற்றினோம். காலையில் போய்ப் பார்த்தால் தண்ணீர் தெரியவில்லை, காக்காய்கள்தான் தெரிந்தன. வேதாரண்யம் வட்டாரத்துக் காக்காய் அத்தனையும் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து கொத்துக்கறி பொறுக்கிக்கொண்டிருந்தன. கறிக் கொழுப்பும் தேங்காய் எண்ணெயும் மேலே ஏடாகப் படர்ந்து, அதற்குக் கீழே களிமண் முன்னைவிடச் சுகமாக மிதந்தது. நாற்றம் மூன்று நாள் போகவில்லை. நோன்பு வைத்திருந்தவர்களுக்குப் பசியே எடுக்காமல் போனது ஒன்றுதான் லாபம்.

அத்தோடு விடவில்லை. அந்த நாளிலிருந்து காலைத் தெளிவும் நின்றுபோனது. நான் எதையோ தொட்டுக் கெடுத்துவிட்டேன் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முகாமில் ஆட்கள் பெட்டி கட்டுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். சலீம் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அவன் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த நாட்களில் எனக்குத் தூக்கம் வரவில்லை, வெட்கமாக இருந்தது.

இருபத்திநாலாவது நோன்பன்று சார் என்னைக் கூப்பிட்டு, அறைக் கதவைச் சாத்தினார். தன் நோட்டைத் திறந்தார். அதில் இரண்டு பக்கங்களைச் சேர்த்து ஒரு குண்டூசி குத்தியிருந்தது. ஊசியை எடுத்துவிட்டு நோட்டை என் பக்கம் தள்ளினார். பச்சை மையில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி.

"மாலை 5.40. கஞ்சி, ஒரு தூக்கு. சோதனைக்கூடக் கழுவுதொட்டியில் ஊற்றப்பட்டது. ஊற்றியவர்: க.சு."

நிமிர்ந்து பார்த்தேன். எதிரில் அறுபது வயதை நெருங்கிய மனிதர், காப்பியடித்து மாட்டிக்கொண்ட மாணவனைப்போல உட்கார்ந்திருந்தார்.

"கசந்துதுங்க" என்றார். "முதல் நாள் ஒரு வாய் வெச்சேன். அப்படி ஒரு கசப்பு. அந்தப் பிள்ளை பட்டினியோட நின்னு எனக்குன்னு காய்ச்சி அனுப்பறாங்க. வேணாம்னு எப்படிச் சொல்றது? ஊத்திட்டேன். மறுநாள் இன்னும் கசந்துது. காக்கா வந்த அன்னைலேருந்து பயந்துபோய் மணல்ல ஊத்தறேன்."

"எல்லாத்தையும் எழுதியிருக்கீங்களே சார்!"

"எழுதாம எப்படிங்க இருக்கிறது?" என்றார், நான்தான் ஏதோ தகாததைக் கேட்டுவிட்டதுபோல. பிறகு தயங்கி, "சலீமுக்குத் தெரிய வேண்டாம்" என்றார்.

நேராகச் சமையல்கூடத்துக்குப் போனேன். "சாரோட கஞ்சில என்னடா போடுற?"

"கறி கெடையாது, பூண்டு கெடையாது, தேங்காப்பாலும் அவுகளுக்கு ஆகுமோ என்னமோன்னு விட்டுட்டேன். அப்புறம் கஞ்சில என்னதான் இருக்கு, வெறும் வெந்தயந்தான். சாரு வெயில்ல நிக்கிறாக, ஒடம்பு சூடு. அதுனால வெந்தயத்த மட்டும் கூடப் போட்டேன்."

"கசக்குமேடா!"

"நோம்பு வெச்சிக்கிட்டு எப்படி மச்சான் ருசி பாக்கிறது? தூக்கு காலியாத்தானே வருது. சாருக்குப் புடிச்சிருக்குன்னு தெனமும் ஒரு கை கூட்டிக்கிட்டே போறேன்."

எனக்குச் சிரிப்பு வந்து, சமையல்கூடத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு மரியாதைக்கார மனிதர்கள் ஒருவர் மனத்தை ஒருவர் நோகடிக்காமல் பார்த்துக்கொண்டதில், நாளுக்கு நாள் அளவு கூட்டி ஒரு முறையான சோதனையே நடந்து முடிந்திருக்கிறது. வெந்தயத்தை ஊறவைத்தால் வழவழவென்று ஒரு பசை வரும், எந்த வீட்டிலும் தெரிந்த விஷயம். அந்தப் பசைக்கு உப்புத் தண்ணீரைப் பற்றிக் கவலையில்லை. மிதக்கும் களிமண்ணைத் திரட்டிக் கீழே இழுத்துவிடும். கொழுப்பு சேர்ந்தால்தான் காரியம் கெட்டுவிடும். தங்கச் சுரங்கத்திலும் செப்புச் சுரங்கத்திலும் பதினாலு வருடம் வேலை பார்த்த எனக்கு இது தோன்றவே இல்லை.

வெந்தயத்தை ஊறவைத்து, கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டினோம். சார் துண்டை மடித்துப் போட்டு மண்டியிட்டார். ஆறு முறை கவிழ்த்தார். கண்ணாடிக் குழாயில் மண் தயிர்போலத் திரண்டு இறங்க ஆரம்பித்தது. நான் கத்தப்போனேன், அவர் விரலைக் காட்டி அடக்கினார். மூன்று முறை பார்த்த பிறகுதான் எழுந்தார். எழுந்தவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, "ஒரு மூட்டை வாங்குங்க" என்றார்.

வேதாரண்யம் கடைத்தெருவில் மளிகைக்கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வெந்தயம் ஒரு மூட்டையா? ஆலையில எல்லாருக்குமே சக்கர வியாதியா?" என்று கேட்டார். இருந்தது அரை மூட்டை. மீதியைக் கூத்தாநல்லூரிலிருந்து பஸ்ஸில் ஏற்றி வரவழைத்தோம். மருந்து காய்ச்சும் பொறுப்பு சலீமுக்கு. தேக்சாவும் கரண்டியும் அதேதான்.

இருபத்தொன்பதாவது நோன்பன்று முருகையன் வந்து மூன்று தொட்டிகளையும் சுற்றிப் பார்த்தார். கையால் தண்ணீரை அள்ளினார். வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்பினார்.

"லேசாக் கசக்குதே?"

"ஒடம்புக்குக் குளிர்ச்சிண்ணே" என்றான் சலீம்.

முருகையன் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி, உப்பு வெள்ளையா வெளையட்டும். வாய்க்கால இப்போதைக்கு அடைக்கல" என்றார். பிறகு உப்பு வெள்ளையாகத்தான் விளைந்தது. முதல் படி உப்பை அவரே கொண்டுவந்து கொடுத்தார். சார் அதற்கும் தேதி போட்டு, பழுப்புப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

தொட்டிகளைப் பார்த்துவிட்டு முருகையன் போன அன்றே நான் ஊருக்கு ஜொஹராவிடம் போனில் பேசினேன். "ஓடுது" என்றேன். "அன்னைக்கும் இப்படித்தான் சொன்னீங்க" என்றாள். ஆனால் குரலில் சிரிப்பு இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிக்காமல் சொல்கிறேன்.

தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிய அறிக்கையில் 'உள்ளூர் விதைப் பசை' என்று சார் அதற்குப் பெயர் வைத்தார். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கும் என்று ஆசையோடு எட்டிப் பார்த்தேன். "சலீம், சமையல் பிரிவு" என்று இருந்தது.

முப்பதாவது நோன்பு. ஐந்தரை மணிக்கு சலீமே தூக்கைக் கொண்டுவந்து சாரின் மேஜைமேல் வைத்தான். நானும் அங்கே இருந்தேன். சார் வழக்கம்போல நன்றி சொல்லி அனுப்பியிருக்கலாம். அவர் நோட்டைத் திறந்து, ஊசி குத்தியிருந்த பக்கத்தை அவனிடம் நீட்டினார்.

சலீம் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தான். படித்து முடித்ததும் அவன் முகம் வாடிவிட்டது.

"மொதல்லயே சொல்லியிருந்தீங்கன்னா வெந்தயத்தக் கொறச்சிருப்பேனே சார்" என்றான்.

"கொறச்சிருந்தா நாம எல்லாரும் இப்ப வீட்டுலதான்டா இருப்போம்" என்றேன் நான். யாரும் சிரிக்கவில்லை.

சார் தூக்கைத் திறந்தார். டம்ளரில் ஊற்றினார். கண்ணை மூடிக்கொண்டு, ஒரே மூச்சில் குடித்தார். அவர் காது மடல்வரை சிலிர்த்ததை நான் பார்த்தேன்.

"போதும் சார்" என்றான் சலீம் பதறிப்போய்.

"மூணு" என்றார் சார். இரண்டாவது டம்ளரையும் குடித்தார். மூன்றாவதையும் குடித்தார். பேனாவை எடுத்து, "5.48. கஞ்சி, மூன்று டம்ளர். குடிக்கப்பட்டது. குடித்தவர்: க.சு." என்று எழுதி, சலீமிடம் காட்டினார். அவன் முகம் மலர்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அதைப் பார்த்த மகிழ்ச்சியில் சார் கொஞ்சம் நிதானம் தவறிவிட்டார். "நாளைக்கும் அனுப்புங்க, சலீம்" என்று சொல்லிவிட்டார்.

"நாளைக்குப் பெருநாள் சார். கஞ்சி கெடையாது."

அப்போது அந்த மனிதர் முகத்தில் பரவிய நிம்மதி இருக்கிறதே, அதை மட்டும் அவர் நோட்டில் எழுதவில்லை. எழுதாதது நடக்கவில்லை என்பதால் நானும் இத்தனை வருடம் யாரிடமும் சொல்லவில்லை. இன்று எழுதிவிட்டேன், சார். நடந்தது.